சிபில் ஸ்கோருக்கு கொள்ளுத்தாத்தா... யார் இந்த லூயிஸ் டாப்பன்?

லோன் கேட்டு பேங்க் வாசலை மிதித்தால், முதலில் பார்ப்பது சிபில் ஸ்கோரைத்தான். நம்மைப் பற்றி யாரோ எழுதி வைத்திருக்கும் ஃபைலை நம்பிக் கடன் கொடுக்கும் இந்தப் பழக்கத்தைப் பெரிய தொழிலாக மாற்றியவர், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஓர் அமெரிக்க வியாபாரி.

1788-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் நார்தாம்ப்டனில் பிறந்தவர் லூயிஸ் டாப்பன். அண்ணன் ஆர்தர், நியூயார்க்கில் பட்டுத் துணி மொத்த வியாபாரி. தம்பியும் அவரோடு சேர்ந்தார். கறுப்பின மக்களின் விடுதலைக்கு இருவரும் கைக்காசை வாரி வழங்கினார்கள். சும்மா விடுமா ஊர்? 1834 ஜூலையில் கலவரக் கும்பல் ஒன்று லூயிஸின் வீட்டுக்குள் புகுந்து, மேஜை நாற்காலிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது.

1837-ல் பொருளாதார நெருக்கடி வந்தது. வெளியூர்க் கடைக்காரர்களுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல், அண்ணனின் நிறுவனம் படுத்துவிட்டது. முகம் தெரியாத ஆளுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது? லூயிஸுக்குத் தொழில் யோசனை பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

1841-ல் மெர்க்கன்டைல் ஏஜென்சியைத் தொடங்கினார். அமிஸ்டாட் கப்பலில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடுவித்ததும் அதே ஆண்டுதான். அந்த வழக்குக்கு நிதி திரட்டி, வக்கீல் வைத்து ஓடியாடியவர்களில் முக்கியமானவர் இவர்.

லெட்ஜரில் என்ன இருந்தது?

ஊர் ஊராக வக்கீல்களும் மற்றவர்களும் தகவல் எழுதி அனுப்புவார்கள். பின்னாளில் அதிபரான ஆபிரகாம் லிங்கனும் அப்படி எழுதியவர்களில் ஒருவர். கடைக்காரரின் சொத்து, வயசு, குடும்பம், நாணயம், குடிப்பழக்கம் வரை பெரிய லெட்ஜரில் ஏறும். சந்தா கட்டியவர் ஆபீசுக்கு வந்தால் கிளார்க் வாசித்துக் காட்டுவார். ஆனால் யாரைப் பற்றி எழுதினார்களோ, அவருக்கு மட்டும் காட்ட மாட்டார்கள். எழுதியது யார் என்பதும் ரகசியம். அங்கேதான் சிக்கல்.

ஒஹாயோ கடைக்காரர் ஒருவரின் மனைவி விவாகரத்து கேட்கப் போவதாகவும், சொத்து கைமாறுவதாகவும் ஒரு ரிப்போர்ட் போனது. கடைக்காரர் தரப்பு அவதூறு வழக்குப் போட்டது. தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்ல மறுத்த டாப்பனின் பார்ட்னர் பெஞ்சமின் டக்ளஸ் ஜெயிலுக்கே போனார். ஜூரி 10 ஆயிரம் டாலர் கொடுக்கச் சொன்னது. இழுத்தடித்த வழக்கில், 1870-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1849-லேயே தொழிலிலிருந்து ஒதுங்கிவிட்ட டாப்பன், 1873-ல் புரூக்ளினில் காலமானார். மனிதர்களைச் சங்கிலியிலிருந்து விடுவிக்கப் பாடுபட்டவர், தன் லெட்ஜரை மட்டும் பூட்டியே வைத்திருந்தார்!

இன்று என்ன நிலை?

தன் ஃபைலைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையை அமெரிக்கா சட்டமாக்கியது 1970-ல்; இந்தியாவில் 2005-ல் சட்டம் வந்தது. டாப்பனின் ஏஜென்சி கைமாறிக் கைமாறி, 1933-ல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் ஆனது. 2000-ல் சிபில் உருவானபோது அந்தக் குழுமமும் ஒரு பங்குதாரர்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறதா, வாங்காத லோன் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தப்பு இருந்தால் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.