மணமும் ஒரு பாடமே!

பெரிய மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் தோழர், கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலும் சொத்தையா என்று புரட்டிப் பார்த்தே வாங்குகிறார். ஆனால் மகளைக் கட்டிக் கொடுக்கும்போது? அவளை ஒரு வார்த்தை கேட்பவர் எத்தனை பேர்?

வீடுள்ள பெண்ணுக்கே இந்தக் கதி. தாயற்று, தந்தையற்று, குழந்தைகள் இல்லத்தில் வளரும் பெண்ணுக்கு மணமென்றால் என்னவென்று சொல்லித் தருபவர் யார்? இந்தக் கேள்விக்கு விடையாக வாழ்ந்து காட்டிய ஒருவரை இன்று நினைவுகூர்கிறோம். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி ஆசிரியர். தாய் சந்திரம்மாள், உலகம் ஏசிய குலத்தில் பிறந்தவர். பருவமடைந்ததும் பள்ளி நின்றது, படிப்பு நிற்கவில்லை. வீட்டிலிருந்தே படித்துத் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் நுழைந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளிவந்தார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். எப்படி மணந்தார்? தம்மைச் சரிசமமாக நடத்த வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்து மணந்தார்! அந்த நிபந்தனையில் அடங்கியிருக்கிறது மணக்கல்வி முழுவதும்.

பிறகு சென்னைச் சட்டமன்றம் சென்றார். அதன் துணைத் தலைவரானார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்தார். பெண்ணின் மணவயதை உயர்த்தக் கோரினார். சாஸ்திரம் பேசினர் சிலர், அவர் சளைக்கவில்லை. சாரதா சட்டம் 1929-ல் வந்தது. பெண்ணுக்கு 14 வயதென்று வரம்பு கட்டியது. அன்று நம் புதுவையோ பிரெஞ்சுக் கொடியின் கீழ். அந்தச் சட்டம் இங்கே எட்டவில்லை. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் நிறைவேறியது.

சட்டம் ஒருபுறம், சோறு ஒருபுறம். பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த சிறுமியரை விடுதிகள் ஏற்க மறுத்தன. தம் வீட்டுக் கதவைத் திறந்தார் டாக்டர். அப்படிப் பிறந்ததே அவ்வை இல்லம். அங்கே பெண்களுக்குக் கிடைத்தது கல்வி, கைத்தொழில், சொந்தக் காலில் நிற்கும் துணிவு. தாலிக்காகக் கையேந்தாத பெண்ணே தக்க துணையைத் தேர்வாள் அல்லவா? 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். 1968-ல் மறைந்தார்.

இன்று பெண்ணின் மணவயது 18, ஆணுக்கு 21. அதற்குமுன் மணம் முடிக்கப்படும் ஆபத்திலுள்ள பெண்ணை, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு 21 வரை பிற்காப்பும் உண்டு என்கிறது. நல்லது! ஆனால் அந்தப் பிற்காப்பில் தையலும் கணினியும் மட்டும் போதுமா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டென்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? வரதட்சணை 1961 முதலே குற்றம் என்பது தெரிய வேண்டாமா? அடிப்பது அன்பாகாது என்று இல்லத்துப் பையனும் கற்க வேண்டாமா?

தோழர்களே! உங்கள் தெருவில் பிஞ்சு வயதில் பந்தல் போடுவார்களானால் மொய் எழுதப் போகாதீர்கள், 1098-க்குச் சொல்லுங்கள். உங்கள் மகளிடம் சம்மதம் கேளுங்கள். மகனுக்குச் சமத்துவம் கற்பியுங்கள். டாக்டர் அம்மையாருக்கு நாம் செலுத்தும் மாலை அதுவே!