பாதுகாப்பு அமைச்சர் பாபு ஜெகஜீவன்ராம்

பீகார் மாநிலம் ஆரா நகரை அடுத்த சந்த்வா என்னும் சிற்றூரில் 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பாபு ஜெகஜீவன்ராம் பிறந்தார். தந்தையார் சோபிராம் ஆங்கிலேயர் இராணுவத்தில் சேர்ந்து பெஷாவரில் பணிபுரிந்தவர். மேலதிகாரியோடு ஒத்துப்போக இயலாமல் வேலையைத் துறந்து, ஊர் திரும்பி நிலம் வாங்கிப் பயிரிட்டார். மகன் சிறுவனாயிருக்கையிலேயே அவர் காலமானார். அன்னை வசந்தி தேவியாரே வறுமைக்கிடையில் மகனைப் படிக்க வைத்தார்.

ஆரா நகரப் பள்ளியில் இந்து மாணவர்க்கு ஒரு தண்ணீர்ப் பானையும் முஸ்லிம் மாணவர்க்கு ஒரு பானையும் இருந்தன. இந்துப் பானையில் இச்சிறுவர் நீர் அருந்தியதும் புகார் எழுந்தது. தலைமையாசிரியர் தாழ்த்தப்பட்டோர்க்கென மூன்றாவது பானையை வைத்தார். ஜெகஜீவன்ராம் அதை உடைத்தார். மீண்டும் வைத்தனர், மீண்டும் உடைத்தார். அதன்பின் அப்பானை வைக்கப்படவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தீண்டாமை அவரைத் தொடர்ந்தது. பின்னர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1931இல் அறிவியல் பட்டம் பெற்றார்.

1936இல் பீகார் சட்ட மேலவையில் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டு சட்டமன்றத்திற்குப் போட்டியின்றித் தேர்வானார். 1946இல் இடைக்கால அரசில் தொழிலாளர் துறையை ஏற்றபோது, அவ்வமைச்சரவையில் அவரே இளையவர். 1952 முதல் நடந்த மக்களவைத் தேர்தல்களில் எல்லாம் வென்றார். அவர் வகித்த பதவிகளையெல்லாம் இங்கு எழுத இடமில்லை. படைவீரர்களுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பே இக்கட்டுரையின் பொருளாகும்.

1970 ஜூன் திங்களில் அவர் பாதுகாப்பு அமைச்சரானார். அதற்கு முன் உணவு, வேளாண் துறையைக் கவனித்தவர். பஞ்சகாலத்தில் அயல்நாட்டுக் கோதுமைக்குக் கையேந்தி நின்ற நாட்டின் நிலையை அவர் நன்கறிவார். அத்தகைய ஏழை நாட்டில் போர்க்கருவிக்குப் பணம் கேட்பது எளிதன்று. ஆண்டுதோறும் பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கையை மக்களவை முன் வைத்து, உறுப்பினர் வினாக்களுக்கெல்லாம் விடையளித்து, ஒப்புதல் பெறவேண்டியது அமைச்சரின் கடமை. பசியையும் அறிந்து படையையும் அறிந்த ஒருவர் அவ்விடத்தில் நின்றது நாட்டின் நற்பேறு என்றே கருதுகிறோம்.

1971 மார்ச் 25ஆம் நாள் இரவு கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ அடக்குமுறை தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். உடனே படையெடுக்க வேண்டுமென்ற குரல் எழுந்தது. தரைப்படைத் தளபதி மானெக்சாவோ ஆயத்தத்திற்குக் காலம் கேட்டார். மழைக்காலத்தில் வங்கத்து ஆறுகள் கடலாய்ப் பெருகும். குளிர்காலத்திலோ இமயமலைக் கணவாய்கள் பனியால் அடைபடும், வடக்கெல்லை பற்றிய கவலை குறையும். அரசு அவர் கேட்ட காலத்தைக் கொடுத்தது. அமைச்சர் எல்லைப்புறங்களுக்குச் சென்று வீரர்களைச் சந்தித்தார். போர் மூண்டால் அது பகைவர் மண்ணிலேயே நடக்கும் என்று வெளிப்படையாக அறிவித்தார். டிசம்பர் 3 மாலையில் பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கின. 16ஆம் நாள் டாக்காவில் அந்நாட்டுப் படை சரணடைந்தது. சிறைப்பட்டோர் ஏறத்தாழ 93,000 பேர்.

நம் தரப்பிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கு அணைந்தது. வெற்றி விழாவோடு அவர்களை மறந்துவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. இம்முறை அவ்வாறு நேரவில்லை. 1972 பிப்ரவரியில், போரில் மாண்டோரின் மனைவியர்க்கும் உறுப்பிழந்த வீரர்க்கும், வழக்கமான தொகையினும் உயர்ந்த ஓய்வூதியம் வழங்க ஆணை பிறந்தது. கணவனை இழந்த இளம்பெண்ணுக்கு அது கருணைப் பிச்சையன்று; உரிமை.

குறைகளையும் சொல்லவேண்டும். 1973இல் மூன்றாவது ஊதியக் குழுவையொட்டிச் செய்யப்பட்ட மாற்றங்களால் தங்கள் ஓய்வூதியம் குறைந்ததென முன்னாள் படைவீரர்கள் நெடுங்காலம் முறையிட்டனர். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற அவர்தம் கோரிக்கைக்கு 2015இல்தான் அரசாணை வந்தது. மேலும், 1943இல் எழுப்பப்பட்டுப் பர்மாப் போரில் பங்குகொண்ட சமார் படைப்பிரிவு 1946இல் கலைக்கப்பட்டது. அச்சமுதாயத்தில் பிறந்தவரே பாதுகாப்பு அமைச்சராயிருந்தும் அது மீண்டும் அமைக்கப்படவில்லை. இம்மனக்குறை இன்றும் பலரிடம் உண்டு.

1974இல் மீண்டும் வேளாண் துறைக்கு மாறினார். 1975இல் நெருக்கடி நிலைத் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவரும் அவரே. 1977 பிப்ரவரியில் காங்கிரசை விட்டு விலகியவரும் அவரே. ஜனதா அரசில் மறுபடியும் பாதுகாப்புத் துறை அவர் கைக்கு வந்தது. விமானப் படையின் பழைய குண்டுவீச்சு விமானங்களுக்கு மாற்றாக ஜாகுவார் விமானங்கள் வாங்க 1978இல் முடிவாயிற்று; முதல் விமானங்கள் 1979 ஜூலை இறுதியில் அம்பாலா வந்திறங்கின.

அதற்கிடையே, 1978 ஜனவரியில், காசியில் சம்பூர்ணானந்தர் சிலையை அவர் திறந்து வைத்தார். அவர் சென்றபின், மேல்சாதி மாணவர் சிலர் கங்கை நீரைக் கொண்டுவந்து அச்சிலையைக் கழுவித் தூய்மை செய்தனர். மூன்றாவது பானையை உடைத்த சிறுவருக்கு அப்போது வயது 69. நாட்டின் முப்படைகளுக்கும் பொறுப்பான அமைச்சர் அவர்.

1986 ஜூலை 6ஆம் நாள் காலமானபோதும் அவர் மக்களவை உறுப்பினராகவே இருந்தார். டெல்லியில் அவரது நினைவிடத்திற்குச் சமதா ஸ்தல், சமத்துவத் தலம், என்று பெயர்.