22 வயதில் தமிழ், 58 வயதில் மலையாள அகராதி: யார் இந்த குண்டர்ட்?

வாளையாறு தாண்டி பாலக்காட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும் சரி, போடிமெட்டு ஏறி இடுக்கிக்குப் போனாலும் சரி, தமிழர்களுக்கு வர்ற சிக்கல் ஒண்ணுதான். மலையாளம் பாதி புரியும், மீதி தப்பாப் புரியும். அங்கே 'வெள்ளம்' என்றால் குடிக்கிற தண்ணி. 'சம்சாரம்' என்றால் பேச்சு, மனைவி இல்லை.

இதே பாதையில், தமிழ் வழியாக மலையாளத்துக்குப் போனவர் ஹெர்மன் குண்டர்ட்.

தமிழில் தொடக்கம்

1814-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். டூபிங்கனில் டாக்டர் பட்டம் வாங்கி, 1836-ல் சென்னைக்கு வந்தார். திருநெல்வேலியிலும் சித்தூரிலும் (ஆந்திரச் சித்தூர், பாலக்காட்டுச் சித்தூர் இல்லை) இருந்தபோது தமிழ் படிந்தது. பிறகு பாசல் மிஷனில் சேர்ந்து, 1839-ல் மனைவி ஜூலியுடன் தலச்சேரி போனார். நோக்கம் மதப் பிரசாரம்தான். அதற்கு மொழி வேண்டும், மொழிக்குச் சொல் வேண்டும்.

எப்படிச் சேர்த்தார்?

சொல்லைத் தனியாக எழுதி மனப்பாடம் செய்வதோடு அவர் நிற்கவில்லை. பழமொழி, பாட்டு, ஓலைச்சுவடி, தலச்சேரியில் கிடைத்த பழைய கடிதங்கள், கணக்குகள் என எல்லாவற்றையும் திரட்டினார். 1850-ல் ஆயிரம் பழமொழிகளைத் தொகுப்பாக வெளியிட்டார். பழமொழியில் ஒரு வசதி உண்டு: சொல்லோடு சேர்ந்து அது புழங்கும் இடமும் மனசில் நிற்கும்.

சேர்த்ததைச் சும்மாவும் வைக்கவில்லை. 1847-ல் 'ராஜ்யசமாசாரம்', 'பஸ்சிமோதயம்' என்ற இதழ்களை மலையாளத்தில் கொண்டுவந்தார். 1851-ல் இலக்கணம் வந்தது. 1857-ல் மலபார், கன்னட மாவட்டங்களின் பள்ளி ஆய்வாளரானார். அன்றைய பாலக்காடு மலபார் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

அகராதி

1859-ல் உடல்நலம் கெட்டு ஜெர்மனி திரும்பினார். வேலை அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் கால்வ் நகரில் இருந்தபடியே தொடர்ந்து, 1872-ல் மலையாளம்-ஆங்கில அகராதியை வெளியிட்டார். தலச்சேரிக்கு வந்து 33 வருஷம் கழித்து! ஆயிரம் பக்கங்களுக்கு மேல். பல சொற்களுக்குப் பக்கத்தில் தமிழ், கன்னட உறவுச் சொற்கள் இருக்கும். பாலக்காட்டு வழக்கு, மாப்பிள்ளை வழக்கு என எங்கே, யார் பேசுவது என்ற குறிப்பும் உண்டு.

ஒரு குறையும் சொல்லணும். அவருக்குச் சொல்லிக் கொடுத்த உள்ளூர் ஆட்கள் யாருடைய பெயரும் அட்டையில் இல்லை. சொற்கள் அவர்களுடையவை, பெயர் மட்டும் குண்டர்ட்டுடையது.

1893-ல் இறந்தார். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே இவருடைய மகள்வழிப் பேரன்.

நமக்கு என்ன?

புதுச் சொல் காதில் விழுந்தால், அர்த்தத்தோடு நிறுத்தாமல் யார் சொன்னாங்க, எங்கே, எதுக்கு என்று சேர்த்து எழுதிக்குங்க. தமிழில் அதே சொல் இருந்தால் அர்த்தமும் அதேதானா என்று ஒருமுறை கேட்டுடுங்க. சொல்லிக் கொடுத்தவர் பெயரையும் ஓரத்தில் குறிச்சு வச்சுக்கலாம்.