உயிர் காக்கும் ஊர்தியைத் தந்த இகோர் சிக்கோர்ஸ்கி

போர்க்களத்தில் எதிரிகளின் எல்லைக்குள் ஒரு விமானம் விழுந்துவிட்டால், உயிர் பிழைத்தவரை மீட்பது எங்ஙனம்? அடர்ந்த காட்டிலும் மலைச்சரிவிலும் விமானம் இறங்க ஓடுபாதை ஏது? இக்குறையைப் போக்க வந்ததே ஹெலிகாப்டர். அதனைப் பயனுள்ள ஊர்தியாக உருவாக்கியவர்களுள் தலைசிறந்தவர் இகோர் சிக்கோர்ஸ்கி ஆவார். அப்பெரியாரின் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வோம்.

அந்நாளில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த கீவ் நகரில், 1889ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் சிக்கோர்ஸ்கி பிறந்தார். தந்தையார் உளவியல் பேராசிரியர். அன்னையார் மருத்துவம் கற்றவர். லியொனார்டோ டா வின்சி வரைந்த பறக்கும் பொறிகளைப் பற்றி அன்னையார் கூறக் கேட்டு வளர்ந்த மகன், பன்னிரண்டாம் வயதிலேயே ரப்பர் நாடாவின் முறுக்கினால் மேலெழும் சிறு ஹெலிகாப்டர் ஒன்றைச் செய்தார்.

1909ஆம் ஆண்டில், தமக்கையார் அளித்த பணத்தைக் கொண்டு பாரிஸில் எஞ்சின் வாங்கி வந்து, உண்மையான ஹெலிகாப்டர் ஒன்றைக் கட்டினார். அது எழும்பவில்லை. அடுத்த ஆண்டு கட்டியதோ தன் எடையை மட்டுமே தூக்கியது. மனிதரைச் சுமக்க அதற்கு ஆற்றல் இல்லை. ஆகவே அம்முயற்சியை ஒத்திவைத்து, இறக்கை விமானங்களின்பால் கவனத்தைத் திருப்பினார். ஒருமுறை எரிபொருளில் கிடந்த கொசு ஒன்று குழாயை அடைத்ததால், அவரது விமானத்தின் எஞ்சின் நடுவானில் நின்றது. ஒரே எஞ்சினை நம்புவது தவறு என உணர்ந்த அவர், 1913ஆம் ஆண்டில் நான்கு எஞ்சின்கள் கொண்ட பெரிய விமானத்தைப் பறக்கவிட்டார்.

ரஷ்யப் புரட்சிக்குப் பின் தாயகத்தை விட்டு நீங்கி, 1919ஆம் ஆண்டில் நியூயார்க் சேர்ந்தார். அங்கே தம்மைப் போன்று குடியேறிய ரஷ்யர்களுக்குக் கணிதம் கற்பித்துப் பிழைத்தார். 1923ஆம் ஆண்டில் நண்பர் ஒருவரின் கோழிப்பண்ணையில் விமானத் தொழிலைத் தொடங்கினார்.

முப்பது ஆண்டுகள் கடந்தும் பழைய கனவு அழியவில்லை. ஹெலிகாப்டரின் பெரிய விசிறி ஒருபுறம் சுழலும்போது, உடற்பகுதி மறுபுறம் சுழல முற்படும். அதனைத் தடுக்க வாலில் ஒரு சிறிய விசிறியை அமைத்தார். 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அவரே அமர்ந்து இயக்க, அவ்வூர்தி சில விநாடிகள் தரையை விட்டு எழும்பியது.

ஐந்து ஆண்டுகளுக்குள் அதன் பயனை உலகம் கண்டது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பர்மாவில் ஜப்பானியப் படைகளின் பகுதிக்குள் ஒரு சிறு விமானம் இறங்கிவிட்டது. அதில் இருந்த அமெரிக்க விமானியும், நோயும் காயமும் உற்ற மூன்று பிரித்தானிய வீரர்களும் காட்டில் சிக்கினர். கார்ட்டர் ஹார்மன் என்னும் இளம் விமானி, சிக்கோர்ஸ்கியின் ஆர்-4 ஹெலிகாப்டரில் அங்குச் சென்றார். அதில் ஒருவரை மட்டுமே ஏற்ற இயலும். ஆயினும் அவர் மீண்டும் மீண்டும் சென்று, இரண்டு நாள்களில் நால்வரையும் ஒவ்வொருவராக மீட்டார்.

பின்னர் வந்த ஹெலிகாப்டர்கள் மேலும் வலிமை பெற்றன. 1945ஆம் ஆண்டு நவம்பர் மாதம், புயலில் சிக்கிய எண்ணெய்ப் படகிலிருந்து இருவரை ஆர்-5 ஹெலிகாப்டர் கம்பிவடத்தினால் மேலே தூக்கியது. கொரியப் போரில் எச்-5 விமானிகளை மீட்டது. வியட்நாம் போரில் 'ஜாலி கிரீன் ஜயன்ட்' எனப்பட்ட எச்.எச்-3இ பறந்தது. கவசமும் துப்பாக்கியும் தாங்கிய அது, பறந்தவாறே வேறொரு விமானத்திடம் எரிபொருள் பெறவல்லது. அதன் இனத்தைச் சேர்ந்ததே நம் மலேசிய ஆகாயப் படையின் 'நூரி' ஹெலிகாப்டர். அது 1960களின் பிற்பகுதி முதல் 2020ஆம் ஆண்டு வரை சாலையில்லா உட்பகுதிகளுக்கும் பறந்து பணியாற்றியது.

ஹெலிகாப்டர் போரில் தாக்குதலுக்கும் பயன்படுவதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் சிக்கோர்ஸ்கிக்கு மிகுந்த மனநிறைவை அளித்தது, அது மனித உயிர்களைக் காத்ததேயாகும். அவர் 1972ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மாணவச் செல்வங்களே! இருபதாம் வயதில் தோற்ற முயற்சியில் அவர் ஐம்பதாம் வயதில் வென்றார். பெற்றோர்களே! பிள்ளைகள் செய்யும் விளையாட்டுப் பொருளை அற்பமென எண்ணி ஒதுக்காதீர். ரப்பர் நாடாவில் எழும்பிய ஒரு சிறு பொம்மையே, பிற்காலத்தில் காட்டில் தவித்த நால்வரின் உயிரைக் காத்தது என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.