உத்திரமேரூர் சுவரும் பராந்தக சோழரும்

மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரணும்னு கூட்டமைப்பில் சொன்னாங்க. நான் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு ராஜாவை எடுத்துக்கிட்டேன். முதலாம் பராந்தக சோழர். ராஜா கதைக்கும் மகளிர் குழுவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. ஊராட்சி எப்படி நடக்குது, அதில் நாம என்ன கேட்கலாம்னு குழுக் கூட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் நான் இவர் காலத்தில் நடந்ததைத்தான் சொல்லுவேன். நடந்த இடமும் தூரமில்லை, நம்ம மாவட்டத்து உத்திரமேரூர்தான்.

பராந்தகருடைய தாத்தா விஜயாலய சோழர். தஞ்சாவூரைப் பிடித்து சோழர் ஆட்சியை மறுபடி தொடங்கி வைத்தவர். அப்பா ஆதித்த சோழர், பல்லவ அரசர் அபராஜிதரை ஜெயித்து நம்ம தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டோடு சேர்த்தார். அதுவரைக்கும் காஞ்சிபுரம் பல்லவர்களுடைய தலைநகரம். 907இல் பராந்தகர் பட்டத்துக்கு வந்தபோது நம்ம பக்கத்து ஊர்களுக்குச் சோழர் ஆட்சி புதுசு.

பட்டத்துக்கு வந்த சில வருஷத்திலேயே மதுரை மேல் படையெடுத்தார். பாண்டிய ராஜா ராஜசிம்மருக்கு இலங்கையிலிருந்து படை உதவி வந்தும் பராந்தகர்தான் ஜெயித்தார். மதுரை கொண்டவர் என்ற பட்டமும் சேர்ந்தது. தோற்ற பாண்டியர் இலங்கைக்குப் போய், கிரீடத்தை அங்கேயே வைத்துவிட்டு, தன் அம்மா பிறந்த சேர நாட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கிரீடத்தைக் கொண்டுவர பராந்தகர் இலங்கைக்குப் படை அனுப்பினார். கடைசிவரை அது கிடைக்கவில்லை.

இப்படிப் போர் ஒரு பக்கம் நடக்க, 919இலும் 921இலும் அவருடைய உத்தரவுப்படி உத்திரமேரூர் சபையார் கூடி, ஊரை யார் நிர்வாகம் பண்ணலாம், அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விதிகள் செய்தார்கள். ராஜாவின் அதிகாரி ஒருவர் கூட இருந்தார். 919இல் போட்ட விதியை இரண்டே வருஷத்தில் திருத்தினார்கள். திருத்திய விதிகளை இன்றைக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பார்க்கலாம்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். நம்ம வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயரை ஓலைச்சீட்டில் எழுதிக் குடத்தில் போடணும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு, சபை பார்க்க ஒரு சீட்டை எடுக்கச் சொல்லணும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிக்கணும். கையில் வேறு சீட்டை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதே! குடவோலை என்றால் ஓட்டுப் போடுவது என்று பலர் நினைக்கிறாங்க. நம்ம குலுக்கல் சீட்டு மாதிரி, குலுக்கி எடுப்பதுதான்.

இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு முழுக்கப் பொது நிர்வாகம் பார்ப்பவர்கள். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் முடிந்ததும் பதவி முடிந்தது. தப்பு பண்ணினால் நடுவிலேயே நீக்கிவிடலாம். போன மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது.

நான் குழுக்களில் அழுத்திச் சொல்லும் விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் வர முடியாது. சித்தி மகன், அத்தை மகன், மாமன், மச்சான் என்று உறவுமுறை சொல்லியே தடுத்திருக்காங்க. நாம வாராவாரம் சேமிப்பையும் உள்கடனையும் எழுதிக் குழு முன்னால் படித்துக் கையெழுத்து வாங்குகிறோமே, அதன் அருமை அன்றைக்கே தெரிஞ்சிருக்கு.

ஆனால் அந்தச் சுவரில் நமக்கு இடம் இல்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்கணும், சொந்த மனையில் வீடு இருக்கணும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கணும், வேதம் படித்திருக்கணும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். உழுதவர்கள், நெய்தவர்கள் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. பெண்கள் பெயரும் போகவில்லை. நல்ல விதிகள்தான், ஆனால் கொஞ்சம் பேருக்கு மட்டும். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

பராந்தகர் கோயில் பணியும் செய்தார். தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவர் என்று பெயர். வீரநாராயணன் என்ற அவருடைய பட்டப்பெயரைத்தான் வீராணம் ஏரி தாங்கி நிற்கிறது. இன்றைக்குச் சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி அது.

கடைசிக் காலம் கஷ்டகாலம். 949இல் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் ராஷ்டிரகூட ராஜா மூன்றாம் கிருஷ்ணருடைய படையோடு பெரிய போர். பராந்தகருடைய மூத்த மகன் ராஜாதித்தர் யானை மேல் இருந்தபடியே உயிரை விட்டார். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. 955 வாக்கில் பராந்தகர் காலமானபோது அவர் வாளால் சேர்த்ததில் பாதிக்கு மேல் போயிருந்தது. உத்திரமேரூர் சுவர் மட்டும் அப்படியே இருக்கு.

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். 1993இல் அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. 2016இல் அதைப் பாதியாக்கினாங்க. நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம். 21 வயதானால் போட்டியிடலாம். ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்க கிராம சபை உறுப்பினர். உத்திரமேரூரில் பூட்டியிருந்த கதவு நமக்குத் திறந்திருக்கு.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். கூட்டத்துக்குக் குறைந்த ஆள் கணக்கும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். தறியை விட்டுட்டு எப்படி வர்றது, ஒரு நாள் கூலி போகுமேன்னு நம்ம பெண்கள் கேட்கிறது நியாயம்தான். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து வாங்க. வராத வீட்டுக் கோரிக்கையை எழுதி வாங்கிக்கிட்டு வாங்க.

வந்தால் இதைக் கேளுங்க. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு? குடிதண்ணீர், தெருவிளக்கு, கால்வாய்க்கு எவ்வளவு போனது? போன கூட்டத் தீர்மானம் என்ன ஆச்சு? ஏரி பற்றிக் கேட்கும்போது யாரிடம் கேட்பது என்று தெரிஞ்சுக்கணும். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறை பொறுப்பு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். எதுவானாலும் கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லலாம். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்க. வெற்றுத் தாளில் போடாதீங்க.

குழுவில் பத்து ரூபாய் குறைந்தாலும் விடாமல் கேட்கிறவங்க நாம. ஊர்க் கணக்கும் நம்ம கணக்குதான்.