பனிமலையில் அறச்சாலை கண்ட பெர்னார்டு அடிகள்

உலகில் வீடு கட்டினோர் பலர். கோட்டை கட்டினோர் பலர். தமக்கென ஓர் அறையும் வேண்டாது, முகமறியாத வழிப்போக்கரின் உயிரைக் காத்தற்பொருட்டு மலைமுடியில் வீடெடுத்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவராகிய தூய பெர்னார்டு அடிகளின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே நிற்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஒரு கணவாய் உளது. அதன் உயரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 8,100 அடி. உரோமர் காலத்திலேயே அஃது ஒரு பெருவழி. அவர்கள் அங்கே தங்கள் தெய்வமாகிய யூப்பிட்டருக்குக் கோயில் எடுத்தமையால், அம்மலை யூப்பிட்டர் மலை எனப் பெயர் பெற்றது. உரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகரும், வணிகரும், போர்வீரரும் இவ்வழியே சென்றனர். பனிச்சரிவில் புதையுண்டு மாண்டோரும் பலர். 10-ஆம் நூற்றாண்டில் சரசேனியர் இக்கணவாயைக் கைக்கொண்டு வழிப்பறி செய்தனர். 972-ஆம் ஆண்டில் குளூனி மடத்தலைவராகிய மயோலரையே சிறைப்பிடித்து, மீட்புப்பொருள் பெற்றுப் பின்னரே விடுத்தனர். மலையின் வடபால் அடிவாரத்திலிருந்த பழைய மடமும் அவர்களால் அழிவுற்றது.

பெர்னார்டு அடிகள் 11-ஆம் நூற்றாண்டினர். செல்வக் குடியிற் பிறந்தவர் என்றும், மணநாளுக்கு முந்திய இரவில் பலகணி வழியே குதித்துத் துறவு பூண்டார் என்றும் ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. அக்கதை அவர் காலத்திற்கு மிகப் பிற்பட்டது என ஆராய்ச்சியாளர் ஒதுக்குவர். அவர் ஆவோஸ்தா நகரத் திருச்சபையில் தலைமை உதவிக்குருவாய் இருந்து, மலைச்சிற்றூர்தோறும் சென்று போதித்தவர் என்பது துணிபு. ஆவோஸ்தா அக்கணவாயின் தென்பால் அடிவாரத்து நகர். ஆதலின், குளிரால் விரல் கருகியோரும், கள்வரிடம் பொருளிழந்தோரும், உடன்வந்தாரைப் பனியிற் பறிகொடுத்தோரும் முதற்கண் வந்து சேருமிடம் அதுவே. அவர்தம் துயரே அடிகளின் உள்ளத்தை உருக்கியது என்று கருதுதல் பிழையாகாது.

ஏறத்தாழ 1050-ஆம் ஆண்டில் அடிகள் அறச்சாலை ஒன்று நிறுவினார். அதனை அடிவாரத்தில் அமைத்திருப்பின் வேலையும் எளிது. விறகும் அருகிற் கிடைக்கும். எனினும் அவர் கணவாயின் உச்சியையே தேர்ந்தார். வழிப்போக்கன் வலியிழந்து விழுமிடம் எதுவோ, அவ்விடத்திலன்றோ அடைக்கலம் வேண்டும்! இத்துணிபிலேயே அவருடைய பெருமை முழுதும் அடங்கியுளது என்பது எம் கருத்து.

அம்முடியில் மரம் முளையாது. ஆண்டின் பெரும்பகுதி ஏரி உறைந்தே கிடக்கும். குளிர் உறைநிலைக்குக் கீழ் 30 பாகைவரை இறங்குவதும் உண்டு. அங்குக் கிடைப்பது கல் ஒன்றே. ஆதலின் கல்லே சுவராயிற்று. சுவர் தடித்தும் பலகணி சிறுத்தும் இருப்பின் உள்ளிருக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது; காற்றின் வேகமும் தாக்காது. இன்று காணப்படும் பெருங்கட்டடம் 16-ஆம் நூற்றாண்டில் எழுந்ததாயினும், அதனைக் கட்டினோரும் இம்முறையையே கையாண்டனர். விறகும் உணவும் கோடைக்காலத்தில் பள்ளத்தாக்குகளிலிருந்து சுமந்து சேர்க்கப்பட்டன. சுவர் குளிரைத் தடுக்குமேயன்றி, அடுப்பை மூட்டாது. பனியில் விழுந்தானைத் தேடியும் செல்லாது. ஆகவே, அங்கேயே வாழ்ந்து வருவோர்க்கெல்லாம் உணவும் படுக்கையும் அளிக்கும் துறவியர் குழு நிலைபெற்றது. அக்குழு தூய அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றுவது.

முதுமையில் அடிகள் பாவியா நகர் சென்று, நான்காம் ஹென்றி மன்னரைக் கண்டு, திருத்தந்தைக்கு எதிராய்ப் போர் தொடுக்க வேண்டாமென மன்றாடினார் என்பர். மன்னர் இணங்கினாரில்லை. அங்கிருந்து திரும்பும் வழியில் நோயுற்று, 1080-களில் நொவாரா நகரில் அடிகள் உயிர் துறந்தார். மலையில் எத்தனையோ பேருக்குப் புகலிடம் அமைத்தவர் தம் ஊரடையாது வழியிலேயே மறைந்தார்.

பெர்னார்டு என்றதும் பெருநாய்களை நினைப்போர் பலர். அவை அடிகள் காலத்தன அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் அம்மடத்திற்கு வந்தவை. அவற்றின் கழுத்தில் மதுக்குடுவை தொங்குவதாகக் காட்டுவது லாண்ட்சீர் என்னும் ஓவியர் 1820-இல் வரைந்த படத்தால் பரவிய கற்பனை. பனியில் வழி தேடி மனிதரை மீட்டது மட்டும் கற்பனையன்று. 1800-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெப்போலியன் தன் சேனையுடன் இக்கணவாயைக் கடந்தபோதும், படைவீரர்க்கு அம்மடத்தார் உணவளித்தனர்.

1923-ஆம் ஆண்டில், தாமும் மலையேறிப் பழகியவராகிய பதினோராம் பத்திநாதர், அடிகளை மலைவாழ்நர்க்கும் மலையேறுவோர்க்கும் பாதுகாவலராய் அறிவித்தார். 1930-களில் அச்சபைத் துறவியர் சீனத்து யுன்னான் நாட்டிற்குச் சென்று, திபெத்து எல்லையை அடுத்த லத்சா கணவாயிலும் இத்தகைய சாலை ஒன்று எழுப்பத் தொடங்கினர்; அது முற்றுப்பெறவில்லை. அவருள் ஒருவராகிய மோரிசு தோர்னே 1949-இல் அந்நாட்டில் கொல்லப்பட்டார். 1964-இல் மலையைக் குடைந்து சுரங்கவழி திறக்கப்பட்டபின் முடிமேற் செல்வோர் குறைந்தனர். எனினும் அறச்சாலையின் கதவு இன்றும் திறந்தே இருக்கின்றது.

நண்பர்காள்! அடிகள் அச்சாலைக்குத் தம் பெயரைச் சூட்டினாரல்லர். அது முதலில் தூய நிக்கொலாவின் பெயரால் விளங்கியது. பெர்னார்டு என்னும் பெயரை அச்சாலைக்கும் மலைக்கும் அளித்தவர் பின்வந்தோரே. எரிகோ வழியில் வீழ்ந்துகிடந்தவனைக் கண்டு இரங்கிய சமாரியன் அவனைச் சத்திரத்திற் சேர்த்தான். பெர்னார்டு அடிகளோ, மனிதர் வீழும் இடத்திற்கே சத்திரத்தைக் கொண்டு சென்றார். கல்வி கற்று வெளியேறும் யாமும், எம் பணியிடத்தை எளிதான அடிவாரத்தில் தேடுவதோ, தேவையுள்ள முடியில் தேடுவதோ என்பதைச் சிந்தித்தல் நலம்.