ககாரின் கலத்தை ஓட்டினாரா?



இரண்டாம் ஆண்டு பௌதிக வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒருநாள் கேட்டார்: ககாரின் விண்கலத்தை ஓட்டினாரா, சும்மா ஏறி உட்கார்ந்தாரா? ஓட்டினார் சார் என்று எழுந்து சொன்ன ஒரே ஆள் நான்தான். ஏன் என்று கேட்டதும் முழித்தேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பதிலை இந்த மலரில் எழுதி விடுகிறேன்.

யூரி ககாரின் 1934 மார்ச் 9-இல் ரஷ்யாவின் குளூஷினோ கிராமத்தில் பிறந்தவர். அப்பா தச்சர். போரில் ஜெர்மன் படை வீட்டைப் பிடித்துக்கொள்ள, குடும்பம் மண்ணுக்குள் தோண்டிய குழியில் குடியிருந்தது. அண்ணனையும் அக்காவையும் ஜெர்மானியர்கள் இழுத்துப் போய்விட்டார்கள். போர் முடிந்தபின்தான் அவர்கள் திரும்பினார்கள். ககாரின் உலோக வார்ப்புத் தொழில் கற்றார். சரத்தோவ் நகரில் தொழில்நுட்பம் படித்தபடியே விமானம் ஓட்டப் பழகி, விமானப்படையில் சேர்ந்தார். 1960-இல் விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்வான 20 பேரில் ஒருவரானார்.

1961 ஏப்ரல் 12 அன்று வஸ்தோக் 1 கிளம்பியது. ராக்கெட் கலத்தை மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்துக்குத் தள்ளிவிட்டுக் கழன்றுகொள்ளும். அப்புறம் எஞ்சின் ஓடாது. கலம் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அந்த வேகத்தில், அது விழும் அளவுக்குப் பூமியும் வளைந்துபோவதால் தரையைத் தொடாது. இறங்க வேண்டுமானால் எதிர்த்திசையில் ஒரு சிறு ராக்கெட்டை எரித்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அன்று இத்தனையையும் தானியங்கிக் கருவிகளே செய்தன.

எடையில்லாத நிலையில் மனிதனுக்குப் புத்தி தடுமாறுமோ என்று பயந்து, கையால் இயக்கும் கருவியைப் பூட்டியே வைத்திருந்தார்கள். திறக்கும் எண் 125, மூடிய உறைக்குள் இருந்தது. மனசு கேட்காமல் சிலர் முன்கூட்டியே அவரிடம் அதைச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவர் பூட்டைத் தொடவில்லை.

திரும்பும்போதுதான் சோதனை. கழன்றுபோக வேண்டிய கருவிப் பகுதி கம்பிகளில் சிக்கிக்கொள்ள, கலம் சுழல ஆரம்பித்தது. சுமார் 10 நிமிடம் அப்படியே போயிற்று. அவர் பதறவில்லை, நடப்பதைக் கவனித்தபடி, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று தரைக்குச் சமிக்ஞை அனுப்பினார். கம்பிகள் எரிந்து அறுந்தன. 7 கி.மீ. உயரத்தில் கலத்திலிருந்து வெளியே வீசப்பட்டு, பாராசூட்டில் இறங்கினார். இறங்கிய இடம், தான் பறக்கக் கற்ற அதே சரத்தோவ் பகுதி!

1967-இல் சோயுஸ் 1 கலத்தில் போன நண்பர் கோமரோவ், பாராசூட் சரியாக விரியாமல் இறந்தார். அவருக்கு மாற்று வீரராக இருந்தவர் ககாரின். அதன்பின் அவரை விண்வெளிக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். 1968 மார்ச் 27-இல் பயிற்சி விமானம் விழுந்து, 34 வயதில் மறைந்தார்.

முப்பது வருடம் அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன் நான். அங்கேயும் எல்லாவற்றையும் கருவிகளே பார்த்துக்கொள்ளும். இருந்தாலும் இரவு ஷிப்டில் ஒருத்தன் கண் அயராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எப்போது கை வைக்கணும், எப்போது வைக்கக் கூடாது என்பதுதான் அவன் வேலை. ககாரின் செய்ததும் அதைத்தானே?

ஓட்டினார் சார். இப்பவும் அதையேதான் சொல்வேன்.